பிழை தேட மறந்த புத்தகங்கள்

(சிவகாசியில் வாசகர்கள் கூடிய ஓர் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘இந்த வருஷம் படித்ததில் பிடித்த புத்தகங்கள்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். எந்த வருஷம் என்று கேட்டேன். ஜனவரியில் பிறப்பதா, சித்திரையில் பிறப்பதா? சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. காலண்டர் அச்சகத்தில் முப்பத்தோரு வருஷம் பிழை திருத்தியவனுக்கு வருஷம் பிறப்பது ஆடிப்பெருக்கு அன்றைக்கு. மற்ற ஊர்க்காரர்கள் ஆற்றங்கரைக்குப் போகிற ஆடி 18-இல் நம்மூர் அச்சகங்களில் பூஜை போட்டு, அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பத்தைத் திறந்து வைப்பார்கள். அன்றிலிருந்து மார்கழிவரை கண்ணில் தூக்கம் நிற்காது. அந்தப் பழக்கத்தில் என் வாசிப்புக் கணக்கும் ஆடியில் தொடங்கி ஆடியில்தான் முடிகிறது. ஓய்வு பெற்ற பிறகு வந்த முதல் ஆடியிலிருந்து அடுத்த ஆடிவரை முப்பத்தெட்டுப் புத்தகம் படித்தேன். அவற்றில் ஆறேழைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

எதை வைத்து இவற்றைப் பொறுக்கினேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பிழை திருத்துகிறவன் கண் ஒரு கெட்ட கண். கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால் மாப்பிள்ளை யார் என்று பார்க்க மாட்டான்; ‘திருவளர்செல்வி’யில் வேண்டாத ஒற்று நுழைந்திருக்கிறதா என்று பார்ப்பான். எவ்வளவு பெரிய எழுத்தாளர் புத்தகமாக இருந்தாலும், முதல் பத்துப் பக்கம் எனக்குத் திருத்த வந்த ப்ரூப்தான். வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்துக்கொண்டே படிப்பேன். எந்தப் புத்தகத்தில் அந்த ஸ்கேல் எப்போது கீழே விழுந்தது என்று எனக்கே தெரியாமல் போகிறதோ, அது என் பட்டியலில் சேரும். வேறு அளவுகோல் என்னிடம் இல்லை.

கண்ணைப் பற்றிப் பெருமை பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். ஒரு வருஷம் ஒரு ஜவுளிக்கடைக் காலண்டரில் நல்ல முகூர்த்த நாள் ஒன்றைக் கரிநாள் ஆக்கிவிட்டேன். கடைக்காரர் தை மாதம் முழுக்க என்னைத் தேடிக்கொண்டிருந்தார்.

எனக்கு வாசிப்பு தொடங்கியது நூலகத்தில் இல்லை, தெருவில். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது தெரிந்த சங்கதிதான். வெடிக்குழாய் சுற்றுவதற்குப் பழைய செய்தித்தாள், எழுதித் தீர்ந்த நோட்டு, விடைத்தாள் என்று கிடைத்த காகிதமெல்லாம் போகும். தீபாவளிக்கு மறுநாள் விடிந்தால் தெரு நிறையத் துணுக்குகள். ஒவ்வொன்றிலும் அரை வரி, கால் வரி. பக்கத்துத் துணுக்கில் மீதிக் கதை இருக்குமோ என்று குனிந்து பொறுக்கிக்கொண்டே தெருமுனைவரை போவேன். கந்தக வாடையோடு சேர்ந்துதான் எழுத்து எனக்கு அறிமுகமானது. காகிதத்தை அச்சடிப்பதும் இந்த ஊர், வெடிப்பதும் இந்த ஊர். எல்லாருக்கும் அச்சடித்துக் கொடுக்கிற நாம் நம்மைப் பற்றி அச்சில் வந்ததைப் படித்திருக்கிறோமா என்ற கேள்வி ஓய்வுக்குப் பிறகுதான் எனக்கு வந்தது. அதனால் இந்த ஒரு வருஷமும் பெரும்பாலும் இந்த மண்ணைச் சுற்றியே படித்தேன்.

முதல் புத்தகம் ஓர் அகராதி. கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி. 1982-இல் வந்தது. இடைசெவலில் விவசாயம் பார்த்த ஒரு மனிதர் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகச் சொல் பொறுக்கிச் செய்த வேலை. பின்னாளில் புதுவைப் பல்கலைக்கழகம் அவரை வருகைதரு பேராசிரியராக அழைத்துக்கொண்டது. அகராதியை யாராவது கதை மாதிரிப் படிப்பார்களா என்று கேட்பீர்கள். நான் குற்றவாளி குற்றப்பத்திரிகையைப் படிப்பதுபோலப் படித்தேன்.

காரணம் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் கூட்ட நோட்டீஸ் அடிக்க வந்தார். கையெழுத்துப் பிரதியில் ‘சம்சாரிகள் கூட்டம்’ என்று இருந்தது. சம்சாரி என்றால் குடும்பஸ்தன் என்றல்லவா பள்ளிக்கூடத்தில் படித்தோம்? நான் ‘விவசாயிகள் கூட்டம்’ என்று திருத்தினேன். ‘காடு’ என்று எழுதியிருந்த இடத்தில் ‘வயல்’ என்று போட்டேன். அடித்த நோட்டீஸைக் கையில் வாங்கிப் பார்த்தவர், “அண்ணாச்சி, இது எந்த ஊர்க் கூட்டம்?” என்று கேட்டார். “எங்க ஊருல வயலே கெடையாதே. வானம் பாத்த காடுதான கெடக்கு.” எனக்கு அப்போது உறைக்கவில்லை. அச்சில் வருகிற தமிழ் ஒன்று, வாயில் வருகிற தமிழ் ஒன்று என்று சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டேன்.

வயல் என்றால் தண்ணீர் வேண்டும். கரிசலில் மழையை நம்பி உழுகிற நிலத்துக்குக் காடு என்றுதான் பெயர். ஒரு சொல்லைத் திருத்தியபோது அந்த மனிதரின் நிலத்தையே நான் மாற்றி எழுதிவிட்டேன். இந்த அகராதியைப் புரட்டப் புரட்ட, முப்பத்தோரு வருஷத்தில் சிவப்பு மையால் இப்படி எத்தனை சொல்லைக் கொன்றிருப்பேன் என்ற எண்ணம்தான் ஓடியது. ‘ஆபீஸ்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். “மக ஆபீசுக்குப் போறா” என்று ஒரு தாய் சொன்னால் வெளியூர்க்காரர் அவளைக் குமாஸ்தா என்று நினைப்பார். அவள் தீப்பெட்டி ஆபீசில் கட்டையில் குச்சி அடுக்கிக்கொண்டிருப்பாள். இந்த மண்ணைப் படிக்க இந்த மண்ணின் அகராதி வேண்டும்.

இரண்டாவது, பூமணியின் ‘அஞ்ஞாடி’. 2012-இல் க்ரியா வெளியிட்ட நாவல். 2014-க்கான சாகித்ய அகாதெமி விருது பெற்றது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். மார்பில் வைத்துக்கொண்டு படுத்துப் படிக்க முடியாது. மேஜையில் வைத்து, மின்விசிறிக் காற்றுக்குப் பக்கம் புரளாமல் ஒரு பக்கம் மூக்குக் கண்ணாடிக் கூட்டையும் மறுபக்கம் சாவிக்கொத்தையும் வைத்து, ஐம்பது நாள் படித்தேன். கலிங்கல் என்று ஒரு கரிசல் கிராமம். ஆண்டி, மாரி என்று இரண்டு சிறுவர்கள். ஒருவன் உழுகிற குடும்பம், ஒருவன் ஊர்த்துணி வெளுக்கிற குடும்பம். அவர்கள் சிநேகிதத்தில் தொடங்குகிற கதை, தலைமுறை தலைமுறையாக விரிந்து, 1895 கழுகுமலைக் கலவரத்துக்கும் 1899 சிவகாசிக் கொள்ளைக்கும் வந்து சேர்கிறது.

சிவகாசிக் கொள்ளை என்று நான் இந்த ஊரில் நின்று சொல்லும்போது முன்வரிசையில் இருக்கிற பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பது தெரிகிறது. அவரவர் வீட்டில் அவரவர் பாட்டி சொன்ன கதை ஒன்று இருக்கும். நாடார்கள் கோயிலுக்குள் போகலாமா கூடாதா என்ற வழக்கு முற்றி, 1899 ஜூன் 6 அன்று இந்த ஊரைப் பெருங்கூட்டம் சூழ்ந்தது. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-இல் எழுதிய ‘தமிழ்நாட்டு நாடார்கள்’ என்ற ஆங்கில நூலிலும் இந்த வரலாறு உண்டு. அங்கே அது தேதியும் வழக்கு எண்ணுமாக இருக்கிறது. பூமணியிடம் அது மனிதர்களாக வருகிறது. அடிக்கிறவனுக்கும் பெயர் உண்டு, ஓடுகிறவனுக்கும் பெயர் உண்டு. இரண்டு பேரும் முந்தின அத்தியாயத்தில் ஒரே கிணற்றடியில் நின்றிருப்பார்களோ என்று நமக்குப் பதறுகிறது. கட்சி கட்டிக்கொண்டு படிக்கத் தொடங்குகிற வாசகனை அந்த நாவல் கட்சி இல்லாமல் ஆக்கிவிடும். என் ஸ்கேல் ஏறக்குறைய நாற்பதாம் பக்கத்தில் விழுந்தது.

படித்து முடித்த அன்று பழக்கதோஷத்தில் சுவரில் இருந்த தினசரி காலண்டரைப் புரட்டினேன். ஜூன் 6. ராகு காலம் இருந்தது, எமகண்டம் இருந்தது, சூலம் இருந்தது, பரிகாரம்கூட இருந்தது. அந்த நாள் மட்டும் இல்லை.

அடுத்து இரண்டு சிறுகதைக்காரர்கள். நென்மேனி மேட்டுப்பட்டியில் பிறந்த ச. தமிழ்ச்செல்வனின் ‘வெயிலோடு போய்’ ஒரு சின்னக் கதை. 2008-இல் சசி இயக்கத்தில் ‘பூ’ என்று படமாக வந்ததால் பலருக்குத் தெரிந்திருக்கும். விரும்பியவனுக்கு வாழ்க்கைப்படாத பெண் ஒருத்தி, வேறு ஊரில் வாழ்க்கைப்பட்ட பின், அவனைப் பார்க்க வேகாத வெயிலில் தாய்வீட்டுக்கு ஓடி வருகிறாள். அவன் நன்றாக இல்லை என்று தெரிந்துகொண்டு போகிறாள். அவ்வளவுதான் கதை. தனக்குக் கிடைக்காதவன் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று ஒருத்தி மனதார நினைப்பதை இதைவிடக் குறைந்த சொல்லில் எழுத முடியாது. கரிசல் வெயிலைப் பற்றிப் பக்கம் பக்கமாக வருணித்தவர்கள் உண்டு. இவர் வெயிலை அவள் நடையில் வைத்துவிட்டார்.

மற்றவர் மேலாண்மை பொன்னுச்சாமி. மேலாண்மறைநாட்டில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. ‘செம்மலர்’ இதழின் பக்கங்களில் வளர்ந்து, ‘மின்சாரப்பூ’ தொகுப்புக்கு 2007-இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கினார். 2017-இல் காலமானார். இவர் கதைகளில் எல்லாமே எனக்குப் பிடித்தன என்று பொய் சொல்ல மாட்டேன். சில கதைகள் கடைசிப் பத்தியில் நம் தோளில் தட்டி நீதி சொல்லும். ஆனால் கடனுக்கு அரிசி கேட்க வருகிற பெண் கடை வாசலில் எங்கே நிற்பாள், முதலில் எதைப் பேசுவாள், பேச்சை எந்த இடத்தில் அரிசிக்குத் திருப்புவாள் என்பதெல்லாம் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும். அந்தக் கண் அவர் எழுத்தில் இருக்கிறது. பட்டப்படிப்பு அதைக் கொடுக்காது.

இனி என் சொந்தத் தொழிலைப் பற்றிய புத்தகம். கஜ்ரி ஜெயின் என்ற ஆய்வாளர் ஆங்கிலத்தில் எழுதி 2007-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. ‘சந்தையில் கடவுளர்’ என்று தலைப்பைச் சொல்லலாம். காலண்டர் படங்களின் வரலாறு. சிவகாசி அச்சகங்களும் ஓவியர்களும் வியாபாரிகளும் அதில் வருகிறார்கள். என் ஆங்கிலத்துக்கு அது கடினமான நூல். கல்லூரியில் படிக்கும் பேத்தி பக்கத்தில் இருக்க, ஒரு நாளைக்கு மூன்று பக்கம் என்று ஏறினேன்.

நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிவந்து கோவில்பட்டியில் தங்கிவிட்ட கொண்டையராஜுவின் லட்சுமியையும் முருகனையும் நாம் பூஜையறையில் வைத்துக் கும்பிட்டிருக்கிறோம். அவை சிவகாசியில் அச்சாகித்தான் ஊர் ஊராகப் போயின. அந்தப் படத்துக்கு அடியில் நகைக்கடையின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். கடைக்காரர் வாடிக்கையாளருக்குக் கொடுக்கிற அன்பளிப்பு, வியாபார நம்பிக்கையின் அடையாளம், கும்பிடுகிற சாமி எல்லாம் ஒரே தாள். நான் அத்தனை வருஷமும் அந்தத் தாளின் கீழ்ப்பாதியை மட்டும் பார்த்தவன். எழுத்து அங்கேதானே இருக்கும். மேல்பாதியை எனக்குக் காட்ட ஒரு ஆங்கிலப் புத்தகம் வேண்டியிருந்தது. வருஷம் முடிந்ததும் தேதித் தாளைக் கிழித்துப் போடுகிறோம், சாமி படத்தைக் குப்பையில் போடக் கை வராமல் பரணில் ஏற்றுகிறோமே, அந்தத் தயக்கத்துக்குள் இவ்வளவு சரித்திரம் இருக்கிறது என்பது எனக்குப் புதுச் செய்தி.

ஆறாவது, இத்தாலியிலிருந்து. பிரைமோ லெவி 1975-இல் வெளியிட்ட ‘தனிம அட்டவணை’. எழுதியவர் ரசாயனம் படித்தவர், யூதர், நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிரோடு திரும்பியவர். இருபத்தோரு அத்தியாயம், ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிமத்தின் பெயர். கந்தகம் உண்டு, பாஸ்பரஸ் உண்டு, பொட்டாசியம் உண்டு, கரி உண்டு. “தாத்தா, இது நம்ம ஊர் புக்கு” என்று பேத்திதான் கொண்டுவந்து கொடுத்தாள். வெடியுப்பும் கந்தகமும் கரியும் சோறு போடுகிற ஊர். சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்குப் பேரியம் என்று எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் சொல்வார்கள். 2018-இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்குத் தடை போட்ட பிறகு அந்தச் சொல் டீக்கடை பெஞ்சுக்கே வந்துவிட்டது.

அந்தப் புத்தகத்தில் சீரியம் என்று ஓர் அத்தியாயம். முகாமின் ஆய்வுக்கூடத்தில் அடிமை வேலை பார்த்த லெவி, அங்கிருந்து சிறு உலோகக் குச்சிகளைத் திருடுகிறார். உரசினால் தீப்பொறி பறக்கும். அதை லைட்டர் கல்லாகச் செதுக்கினால் முகாமின் கள்ளச் சந்தையில் ஒரு கல்லுக்கு ஒரு நாள் ரொட்டி. அவரும் அவருடைய சிநேகிதரும் ராத்திரியில் போர்வைக்குள் ஒளிந்து கத்தியால் செதுக்குகிறார்கள். லைட்டர் என்றாலே நம் தீப்பெட்டித் தொழிலின் வயிற்றில் அடிக்கிற சாமான் என்றுதான் நமக்குத் தெரியும். 2023-இல் இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டரின் இறக்குமதியை மத்திய அரசு நிறுத்தியபோது இங்கே நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். அதே லைட்டர் கல் ஒருவனுக்கு ஒரு நாள் உயிராக இருந்திருக்கிறது.

எங்கள் தெருவில் பட்டாசு ஆலைக்குப் போகிற பெண் ஒருவர் இருக்கிறார். அவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். யுத்தத்தைப் பற்றியோ யூதர்களைப் பற்றியோ அவர் எதுவும் கேட்கவில்லை. “போர்வைக்குள்ள வச்சா செதுக்கினாங்க?” என்று கேட்டார். “என்ன தைரியம் அண்ணாச்சி! ஒரு பொறி போதுமே. போர்வையோட போயிருப்பாங்களே.” லெவியை நான் வாக்கியமாகப் படித்தேன், அந்தப் பெண் கையால் படித்தார். இரும்புக் கருவியைக் கொண்டுபோகக் கூடாது, நைலான் சேலை கட்டக் கூடாது, ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் கூடாது என்ற விதிகளுக்குள் தினமும் உட்கார்ந்து எழுகிறவருக்கு அந்த அத்தியாயத்தின் மைய நரம்பு எது என்று ஒரு நொடியில் தெரிந்துவிட்டது.

‘வெயிலோடு போய்’ கதை உள்ள தொகுப்பை அந்தப் பெண் இரவல் வாங்கிப் போனார். திரும்பி வந்தபோது பக்க ஓரங்களில் விரல் பதிந்த இடமெல்லாம் வெள்ளி நிறம். கழுவியும் போகாத அலுமினியப் பவுடர். என் அலமாரியில் இருப்பதிலேயே அழகான புத்தகம் இன்றைக்கு அதுதான்.

பிடித்தவை என்று சொல்ல முடியாத சிலவற்றையும் படித்தேன். ஸ்மிது கோத்தாரி 1983-இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றி எழுதிய கட்டுரை, அமெரிக்கப் பேராசிரியர் மைரன் வீனர் 1991-இல் இந்தியக் குழந்தைகளையும் அரசையும் பற்றி எழுதிய நூல், குழந்தைத் தொழிலாளர்களுக்காக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. இவற்றிலும் பிழை தேட மறந்தேன். காரணம் வேறு. விடியுமுன் கிராமங்களுக்குப் போய்ப் பிள்ளைகளை ஏற்றிவந்த பஸ்களை, முதல் ஷிப்டுக்குச் சைக்கிளில் போகும்போது நான் பார்த்திருக்கிறேன். ஜன்னலில் சாய்ந்து தூங்குகிற முகங்கள். ஒற்று விட்டுப்போனால் பதறுகிற கண், அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் ஆபீசுக்குப் போயிருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு இன்று ஐம்பது வயது இருக்கும். இந்தக் கூட்டத்திலும் சிலர் இருக்கலாம்.

நண்பர்களே, பட்டியலைப் பாருங்கள். சம்சாரி எழுதியிருக்கிறார், கூட்டுறவுத் துறை அதிகாரியாக இருந்த பூமணி எழுதியிருக்கிறார், பலசரக்குக் கடைக்காரர் எழுதியிருக்கிறார். வெளிநாட்டுப் பேராசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள், நீதிபதிகள் எழுதியிருக்கிறார்கள். வெடிமருந்து அறைக்குள் உட்கார்ந்து வேலை பார்க்கிற ஒரு பெண் தன் கையால் எழுதிய புத்தகம் ஒன்றை இந்த ஒரு வருஷம் தேடினேன். என் கைக்குக் கிடைக்கவில்லை. செப்டம்பர் 5 என்று எந்தக் காலண்டரைப் புரட்டினாலும் ‘ஆசிரியர் தினம்’ என்று இருக்கும். நானே எத்தனையோ முறை சரிபார்த்து டிக் அடித்திருக்கிறேன். 2012-இல் அதே செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் நாற்பது பேருக்கு அருகில் இறந்தார்கள். அந்த நாளை யார் எழுதுவது?

இரண்டு வேண்டுகோள். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி கட்டியிருப்பீர்கள். 1948-இல் சென்னை மாகாணத்தில் நூலகச் சட்டம் வந்ததிலிருந்து இந்த வரி உண்டு. காசு கட்டிவிட்டுச் சாமானை வாங்காமல் வருகிற பழக்கம் நம் ஊருக்குக் கிடையாது. கிளை நூலகத்துக்குப் போய், நான் சொன்ன தமிழ்ப் புத்தகங்களைக் கேளுங்கள். இல்லை என்றால் வாங்கி வைக்கச் சொல்லிப் பதிவேட்டில் எழுதுங்கள்.

இன்னொன்று எங்கள் தெருப் பெண்ணுக்கும் அவரைப் போன்றவர்களுக்கும். பழைய காலண்டர்த் தாளின் பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு தாள் எழுதுங்கள் தாயி. ஆபீசை ஆபீஸ் என்றே எழுதுங்கள், காட்டைக் காடு என்றே எழுதுங்கள். ப்ரூப் நான் பார்த்துத் தருகிறேன். ஒரு சொல்லைக்கூடத் திருத்த மாட்டேன்.